பூட்டினாலும் மூச்சுவிடும் வீடு

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குப் போய், ஐந்து வாரம் கழித்து சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுக்குத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். ஈரச் சாக்கை மடித்துவைத்துப் பல நாள் கழித்துப் பிரித்தால் ஒரு வாடை வருமே, அது. என் கணவரின் தோல் பெல்ட் பச்சை பூத்திருந்தது. அம்மாவின் பட்டுப்புடவைகளில் மேலே இருந்த நான்கின்மீது விபூதி தூவினதுபோல் பூஞ்சை. கூரை ஒழுகவில்லை, குழாய் உடையவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாச் சன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டுப் போயிருந்தோம், அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

அம்மா அந்தப் புடவைகளை ஒவ்வொன்றாக வெயிலில் உதறிப் போட்டுக்கொண்டே, "வீட்டுக்கும் மூச்சுத் திணறும்டி" என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறு வருடம் மாமா தன் தோட்டத்தில் எங்களுக்கென்று ஒரு சின்ன வீடு வரைந்து தரச் சொன்னபோது, முதல் தாளில் நான் எழுதிய வரி அதுதான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலேசியாவில், ஜோகூரின் கூலாய் பக்கம், குனோங் பூலாய் மலையடிவாரத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் டுரியான் தோட்டம் இருக்கிறது. கடற்பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. தோட்டத்தின் கடைசி வேலிக்கு அப்பால் காடு தொடங்கிவிடும். 654 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் பெய்த மழையைத்தான் பல பத்தாண்டுகள் சிங்கப்பூர் குழாயில் பிடித்துக் குடித்தது. 1961-இல் போட்ட தண்ணீர் ஒப்பந்தம் 2011-இல் முடிந்தபோது அங்கிருந்த நீர்நிலையம் ஜோகூரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆக, எனக்குக் குழந்தையில் ஊட்டிய கஞ்சியில் அந்தக் காட்டுத் தண்ணீரும் கலந்திருக்கும் என்று நினைக்கும்போது ஒரு நெருக்கம் வருகிறது.

சிங்கப்பூரில் காட்டுக்குள் வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. புக்கிட் தீமாவும் மத்திய நீர்ப்பிடிப்பு வட்டாரமும் இயற்கை வனப்பகுதிகள். நடக்கலாம், பார்க்கலாம், பொழுது சாய்ந்தால் கிளம்பிவிட வேண்டும். அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் கருத்தும். மாமாவின் நிலம் விவசாய நிலம், அவர் பெயரில் இருக்கிறது, வீடும் அவர் பெயரில்தான் ஒப்புதலுக்குப் போனது. அந்தக் காகித வேலையைப் பற்றி எழுத இங்கே ஒன்றுமில்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நான் இருபது வருடமாகக் கட்டட வரைபடம் வரைகிறவள். அலுவலகத்தில் வரைவதெல்லாம் ஆள் புழங்கும் இடம்: கடை, மருந்தகம், அடுக்குமாடி வீட்டுச் சமையலறை. விடுமுறை வீடு வேறு மாதிரி என்பது எங்கள் ஈசூன் சாப்பாட்டு மேசையில் நாட்காட்டியை விரித்துவைத்து எண்ணியபோதுதான் உறைத்தது. பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, தீபாவளிக்கு முன்னும் பின்னும் என்று எப்படிக் கூட்டினாலும் வருடத்துக்கு நாற்பது நாளைத் தாண்டவில்லை. மீதி 325 நாள் அந்த வீட்டில் மழையும் கறையானும் குரங்கும் பல்லியும்தான் குடியிருக்கும். வீட்டை அந்த நாற்பது நாளுக்கு மட்டும் வரைந்தால் மற்ற நாட்கள் அதைத் தின்றுவிடும்.

ஏன் என்று சொல்ல ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். நம் வானிலைக் கணக்குப்படி சிங்கப்பூரில் வருடத்துக்கு சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மழை, 171 நாள் மழை நாள், காற்றின் ஈரப்பதம் சராசரி 82 விழுக்காடு. மலையடிவாரக் காட்டில் அதைவிடக் குறையாது. 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரமும் உள்ள காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்த ஒரு பரப்பைத் தொட்டால் தண்ணீராகிவிடும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடிய படுக்கையறைச் சன்னலை விடியலில் வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், கண்ணாடி வியர்த்திருக்கும். அலமாரிக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், காற்று அசையாத மூலைகளில் நம் கண்ணுக்குத் தெரியாமல் இதே ஈரம் தங்கும். அதில் பூஞ்சை வளர நாள் கணக்கு போதும். வெயில்கூட வீட்டுக்கு அவ்வளவு பெரிய எதிரி இல்லை; அசையாத காற்றுதான் எதிரி.

என் மகனுக்குப் பதினாறு வயது. அவன் கைப்பேசியில் காட்டிய காட்டு வீடுகளெல்லாம் கறுப்புச் சட்டமும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியுமாக இருந்தன. "காடு முழுசும் தெரியணும்மா, அதுக்குத்தானே போறோம்" என்றான். அவன் கேட்டது நியாயமான ஆசை, அதைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் படங்களில் தரையில் ஊசியிலைகள் கிடந்தன, சில படங்களில் பனி. குளிரை வெளியே நிறுத்துவதற்காகக் காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி அது. வெயில் பட்டால் உள்ளே சூடாக வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு கண்ணாடி. அதைத் தூக்கி பூலாய் அடிவாரத்தில் வைத்தால் பகலில் அடுப்பு, இரவில் குளிர்சாதனம், பூட்டிப்போனால் காளான் வளர்க்கிற குடில். காடு தெரிய வேண்டுமென்றால் கண்ணாடியே வேண்டாம், சுவரே இல்லாத ஓர் இடம் இருந்தால் போதும் என்றேன். அவன் அரை மனதாகத் தலையாட்டினான்.

அந்தச் சுவர் இல்லாத இடத்துக்குப் பெயர் வைத்தது அம்மா. அம்மா பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். "எனக்கு அறையெல்லாம் எப்படியோ போட்டுக்கோ. முன்னாடி நல்லா அகலமா அஞ்சடி வச்சிடு" என்றார். தோட்டத்து ஆட்கள் வாசல் தாழ்வாரத்தை அஞ்சடி என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சுற்றிக்கொண்டு சிங்கப்பூருக்கே வருகிறது. 1822-இல் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் ஒவ்வொரு கடைவீட்டின் முன்னாலும் கூரை வேய்ந்த நடைவழி விடவேண்டும் என்று விதி. மலாய்க்காரர்கள் அதைக் காக்கி லீமா என்றார்கள்; காக்கி என்றால் அடி, லீமா என்றால் ஐந்து. தேக்காவில் பூக்கடை, மளிகைக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறோமே, அதே அஞ்சடி. சட்டத்திலிருந்து கடைத்தெருவுக்கும், அங்கிருந்து லயத்துக்கும் போன சொல்லை அம்மா எழுபத்திரண்டு வயதில் என் வரைபடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

வரைவதற்கு முன் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை பழைய வீடுகளைப் பார்க்கப் போனேன். அதில் அதிகம் கற்றுக்கொண்டது புலாவ் உபின் தீவில். சாங்கியிலிருந்து படகில் போய் இறங்கியபோதே தூறல். ஒரு கம்பத்து வீட்டின், அதாவது பழைய கிராமத்து வீட்டின் எதிரே குடையோடு அரை மணி நேரம் நின்றேன். இறவாரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் பல வருடமாக ஒரே கோட்டில் விழுந்து, தரையில் மண் கரைந்து, கூழாங்கல் மட்டும் மிஞ்சிய ஒரு வாய்க்கால் சுவருக்கு இணையாக ஓடியது. அளவு நாடாவை நீட்டிப் பார்த்தேன். சுவரிலிருந்து அந்தக் கோடு 90 சென்டிமீட்டர். பலகைச் சுவரில் முழங்கால் உயரம்வரை கறுத்த கறை, அதற்கு மேலே பலகை வெளுத்துச் சுத்தமாக இருந்தது. சாரல் எட்டிய இடம்வரை கறுப்பு, எட்டாத இடம் பிழைத்திருக்கிறது. இறவாரம் 90 சென்டிமீட்டர் போதவில்லை என்று அந்த வீடே தன் உடம்பில் எழுதிக் காட்டியது. என் வரைபடத்தில் 1.5 மீட்டர் என்று போட்டேன். போட்ட பிறகுதான் கவனித்தேன், அது கிட்டத்தட்ட ஐந்து அடி.

இன்னொரு ஞாயிறு பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில் இருக்கும் பர்கில் ஹாலைப் பார்த்தோம். 1860-களின் பின்பாதியில் கட்டியது. பின்னால் வந்த கறுப்பு வெள்ளை பங்களாக்களுக்கு மூத்த வீடு என்று சொல்லலாம். வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகக் கட்டியவைதான் அந்த பங்களாக்கள், ஆனால் பிழைக்கும் வழியை அவர்கள் மலாய் வீட்டிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்: தூண்மேல் தூக்கிய தரை, தாழ இறங்கும் கூரை, சுற்றிவரத் தாழ்வாரம், மூங்கில் தட்டி. மலாய் வீட்டில் நடு வீட்டுக்கு ரூமா இபு என்று பெயர், தாய் வீடு. அதற்கு முன்னால் செராம்பி, நம் திண்ணை மாதிரி. பின்னால் சற்றுத் தள்ளி அடுக்களை. குடும்பம் பெருகப் பெருக தாய் வீட்டோடு ஒவ்வொரு பகுதியாக ஒட்டிக்கொண்டே போகலாம். முதலில் சின்னதாகக் கட்டு, பிறகு பார்த்துக்கொள் என்ற அந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது.

சின்னது என்றால் எவ்வளவு? அதற்கு வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் அடுக்குமாடி வீடே அளவுகோல். ஈரறை ஃபிளெக்ஸி வீடுகளில் சிறியது 36 சதுர மீட்டர் சுமார். என் அத்தை ஒருவர் அப்படி ஒரு வீட்டில் தனியாக, குறையில்லாமல் வாழ்கிறார். அதே அளவில் எங்கள் வீட்டின் உட்பகுதியை வைத்தேன்: 8.4 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம், 35 சதுர மீட்டர். நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வெயில் அரை வருடம் வடக்கிலும் அரை வருடம் தெற்கிலும் உச்சிக்கு ஒட்டியே போவதால், அந்தப் பக்கங்களைக் காக்க இறவாரமே போதும். கிழக்கு, மேற்கில்தான் வெயில் சாய்ந்து உள்ளே வரும், அங்கே சுவர். நீளத்தை மூன்றாகப் பிரித்து, கிழக்கே அடுப்படி, நடுவில் பாய் விரித்துப் படுக்கிற கூடம், மேற்கே அம்மாவுக்கு ஓர் அறையும் குளியலறையும். வடக்கே முழு நீளத்துக்கும் 2.4 மீட்டர் அகலத்தில் அஞ்சடி. எல்லாவற்றுக்கும் மேலே, நான்கு பக்கமும் 1.5 மீட்டர் நீட்டிக்கொண்டு ஒரே கூரை.

அந்தக் கூரையின் பரப்பைக் கூட்டிப் பார்த்தால் 109 சதுர மீட்டர் வந்தது. உள்ளே 35, மேலே 109. விலை கேட்டவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் குறைக்கச் சொன்னார்கள். நான் விடவில்லை. பணம் போதாவிட்டால் அறையைக் குறைக்கலாம், கதவை மாற்றலாம், ஓடு பதிப்பதைத் தள்ளிப்போடலாம். கூரையைக் குறைத்தால் அன்றிலிருந்து வீடு நனையத் தொடங்கிவிடும்.

கூரைக்குத் தகரத் தகடுதான். மழை இரைச்சலுக்குக் கீழே பாறைக்கம்பளி அடுக்கு, அதற்குக் கீழே பலகை. கூரைத் தண்ணீருக்குப் பீலி வைக்கவே இல்லை. காட்டோரம் இலை உதிராத நாள் கிடையாது. இலை அடைத்த பீலியில் தண்ணீர் தேங்கும், ஆள் இல்லாத வீட்டில் அதை வாருவது யார்? ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் அமையாது. அதனால் உபினில் பார்த்தபடி தண்ணீர் நேராகக் கீழே விழட்டும் என்று விட்டு, விழும் கோட்டில் கருங்கல் ஜல்லி நிரப்பிய ஓர் அடி அகல வாய்க்கால் வெட்டினோம். மழை நேரத்தில் அஞ்சடியில் உட்கார்ந்தால் எதிரே நூல் நூலாகத் தண்ணீர்த் திரை. என் மகன் கேட்ட கண்ணாடிச் சுவருக்கு ஈடாக அவன் இப்போது அதைத்தான் படம் பிடித்துத் தோழர்களுக்கு அனுப்புகிறான்.

வீட்டை எங்கே நிறுத்துவது என்பதை மாமாதான் முடிவு செய்தார். முதலில் வந்த கட்டட ஒப்பந்தக்காரர் சரிவைப் பார்த்துவிட்டு, "மண்வெட்டி இயந்திரம் ரெண்டு நாள் போட்டா மட்டமாயிடும், அப்புறம் சுலபம்" என்றார். மாமா பதில் பேசாமல் அவரை வேலி ஓரம் கூட்டிப்போய், பக்கத்துத் தோட்டத்தில் முன்பு யாரோ மட்டம் செய்த இடம் மழையில் கரைந்து ஓடைக்குள் இறங்கிக் கிடப்பதைக் காட்டினார். வேறு ஆளைப் பார்த்துக்கொண்டோம். சரிவை அப்படியே விட்டுவிட்டு, பன்னிரண்டு தூண். மேட்டுப் பக்கம் தரைக்கும் வீட்டுத் தளத்துக்கும் இடையே ஒன்றேகால் அடிதான். அங்கேயிருந்து ஒரு பலகைப் பாலம் போட்டால் முழங்கால் வலிக்கிற அம்மா படியே ஏறாமல் உள்ளே வந்துவிடலாம். பள்ளத்துப் பக்கம் ஐந்தடிக்கு மேல் உயரம்; குனிந்து நுழைந்து வீட்டின் அடிவயிற்றைச் சுற்றிப் பார்க்கலாம்.

அந்த அடிவயிற்றைப் பார்க்க முடிவதுதான் முக்கியம். கறையான் மண்ணுக்குள்ளிருந்து வருவது. வெளிச்சமும் காற்றும் அதற்கு ஆகாது, அதனால் போகிற வழியெல்லாம் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே ஏறும். தரையோடு ஒட்டிய வீட்டில் அந்தக் குழாய் சுவருக்குப் பின்னால் போய்விடும், நமக்குத் தெரியும்போது கதவு நிலை உள்ளீடற்றுப் போயிருக்கும். தூணுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு கான்கிரீட் கட்டை, அதன் தலையில் தொப்பி மாதிரி வெளியே மடிந்த துருப்பிடிக்காத எஃகுத் தகடு. இதெல்லாம் கறையானைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதை வெளிச்சத்துக்கு வரவைக்கும். மாமா வாரம் ஒருமுறை கைவிளக்கோடு போய்ப் பன்னிரண்டு தூணையும் பார்த்துவிட்டு எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார்: "12 சுத்தம்."

தூண் மரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கை நடந்தது. மலாயாக் காடுகளில் கறையான் எளிதில் தொடாத கனத்த மரம் ஒன்று உண்டு, அதன் பெயர் மலாயில் செங்கல். தொலைபேசியில் நான் அம்மாவிடம் "தூணெல்லாம் செங்கல்தான், மாமா முடிவு பண்ணிட்டார்" என்று சொல்ல, அம்மா "சரிவுல செங்கல் தூண் எப்படி நிக்கும், உன் மாமனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா" என்று கோபப்பட்டுவிட்டார். புதுச் செங்கல் மரம் விலை கட்டுப்படியாகாது. மாமா பழைய வீடு இடிக்கிற ஒருவரிடம் கேட்டு வைத்திருந்து, ஆறு மாதம் காத்திருந்து வாங்கினார். பழைய ஆணித்துளைகளோடு வந்த தூண்கள் அவை. துளைகளை அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாலையில் அஞ்சடித் தூண்களில் சாய்வெயில் படும்போது அந்தத் துளைகள் தெரியும். இதற்கு முன் இந்தத் தூண் தாங்கிய வீட்டில் யார் இருந்தார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

மரங்களுக்கு இடம் விடுவதற்கும் கணக்கு உண்டு. அடிமரத்தின் விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரும் தூரம்வரை வேரைத் தொடக்கூடாது என்பது கட்டுமானத்தில் பின்பற்றுகிற அளவு. எங்கள் பக்கத்தில் ஒரு தெம்புசு நிற்கிறது, ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கிறதே, அதே இனம். விட்டம் 70 சென்டிமீட்டர், ஆகவே 8.4 மீட்டர். வீட்டின் நீளமும் அதுவேதான்! ஒன்பது மீட்டர் தள்ளி முதல் தூணை நட்டோம். டுரியான் மரங்களுக்கு எந்தப் புத்தகக் கணக்கும் உதவவில்லை. பழுத்த பழம் தானாக விழும்வரை மாமா பறிக்கமாட்டார், விழுவதும் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும். இரண்டு கிலோ முள்ளுப்பழம் அறுபது அடி உயரத்திலிருந்து தகரத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மாமா ஒவ்வொரு மரத்தையும் சுற்றி மஞ்சள் கயிறு கட்டிக் காட்டினார், எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்து உதிர்க்கும் என்று அவருக்கு மனப்பாடம். கயிறுகள் எல்லாம் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் வீடு உட்கார்ந்தது.

சுவர்களைப் பற்றி நான் நிறைய நாள் யோசித்தேன். பூட்டவேண்டும், ஆனால் அடைக்கக்கூடாது. கடைசியில் இடுப்பு உயரம்வரை சிமெண்டு இழைப் பலகை, அதற்கு மேல் கூரைவரை சாய்த்த மரச் சட்டங்கள், அவற்றின் உள்பக்கம் துருப்பிடிக்காத கொசுவலை என்று முடிவானது. சட்டங்களை மூடும் வசதியே கிடையாது. கதவைப் பூட்டிவிட்டு வந்தாலும் தெற்கே நுழைந்த காற்று வடக்கே போய்க்கொண்டே இருக்கும். சட்ட இடைவெளியை நன்றாகக் குறுக்கிவைத்தேன். குரங்குக் கை நுழைந்துவிட்டால் வலை கிழிந்துவிடும். புக்கிட் தீமா அடிவாரத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், நெகிழிப்பை சரசரத்தால் போதும், நீள்வால் மக்காக் குரங்கு எங்கிருந்தோ இறங்கிவிடும். அதனால் அடுப்படியில் உணவுப் பொருள் எதையும் விட்டுவருவதில்லை என்பது வீட்டுச் சட்டம்.

காட்டோரத்தில் காற்று நன்றாக வீசும் என்று பலர் நினைக்கிறார்கள். மரங்கள் அதை மேலேயே நிறுத்திவிடும், கீழே இலைகூட அசையாத மதியங்கள் உண்டு. அதற்கு மின்விசிறிதான் வழி. உடம்பின்மேல் காற்று அசைந்தால் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் முடிந்த எஸ்டிஇ4 கட்டடத்தில் இதையே பெரிய அளவில் செய்திருக்கிறார்கள்: காற்றை வழக்கம்போல் சில்லென்று ஆக்காமல் கொஞ்சமாகக் குளிர்வித்து, மீதியை விசிறியிடம் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் வெளியே நீண்ட பெரிய கூரை இருக்கிறது. எங்களுக்கு மூன்று விசிறி, நான்கு விளக்கு, எல்லாம் சூரியத் தகட்டில் ஓடும். விளக்குகள் மஞ்சள் வெளிச்சம், தாழ்வாகக் கீழ்நோக்கி. 1854-இல் புக்கிட் தீமா பக்கம் தங்கிய இயற்கை ஆய்வாளர் வாலஸ் அந்தச் சின்ன வட்டாரத்தில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தாராம். வெள்ளை விளக்கைப் போட்டால் அவ்வளவும் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடும்.

அலமாரிகள் கிடையாது. அழுத்திய தூள்பலகை ஈரத்தில் ஊதிவிடும் என்பதால் அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. எஃகுத் தட்டுகளும் ஆணிக் கொக்கிகளும்தான். ஒரே ஒரு மூடிய பெட்டி இருக்கிறது, ஆளுயரம், ரப்பர் விளிம்பு வைத்துக் காற்றுப் புகாமல் சாத்தக்கூடியது. புகைப்படக்காரர்கள் கேமராவைப் பூஞ்சையிலிருந்து காக்க உலர்பெட்டி வைத்திருப்பார்களே, அதன் பெரிய வடிவம். பாய், தலையணை, போர்வை எல்லாம் அதற்குள். வீடு முழுவதையும் உலர்வாக வைக்கப் பார்த்தால் தோற்றுப்போவோம். ஒரு பெட்டியை உலர்வாக வைப்பது நம்மால் முடியும்.

நான் ஓர் இடத்தில் தப்பு செய்தேன். மேற்குச் சுவரிலும் மேலே சட்டங்கள் வைத்துவிட்டேன், அம்மாவின் அறைக்கும் காற்று வரட்டுமே என்று. கூரை ஏறிய இரண்டாவது மாதம், விடியலுக்கு முன் சுமத்ரா காற்று வந்தது. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை மேற்கேயிருந்து வரிசையாக வரும் அந்தப் புயல்மழை, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அறையும். சிங்கப்பூரில் பதினோராவது மாடியில் படுத்துக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறேனே தவிர, வரைபடத்தில் அதை மறந்துவிட்டேன். மழை சாய்ந்து வராமல் படுக்கையாகவே வந்தது. இறவாரம் ஐந்தடி இருந்தும் அம்மாவின் கட்டில் நனைந்தது. அடுத்த வாரமே மேற்குச் சுவரை முழுப் பலகையாக்கினோம். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சங்கப் பாட்டுகளில் தினைப்புனம் காக்கிற பெண்கள் பரண்மேல் நின்று கிளி ஓட்டுவார்கள். இதணம் என்றும் அதற்கு ஒரு பெயர். நாலு கால், ஒரு தளம், தலைக்கு மேல் தழை. சரிவில் நிற்கும் எங்கள் வீட்டைக் கீழே ஓடைப் பக்கமிருந்து பார்க்கும்போது எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது. நவீன வீடு என்று தாளில் எழுதித்தான் ஒப்புதல் வாங்கினேன். எஃகும் இழைப்பலகையும் சூரியத் தகடும் இருக்கின்றன, அளவுகள் கணினியில் போட்டவை. ஆனாலும் அது பரண்தான், அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

இந்த வருடம் ஜூன் விடுமுறை முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தோம். கிட்டத்தட்ட ஆறு வாரம் யாரும் போகவில்லை. புறப்படுமுன் முஸ்தபா கடையில் வாங்கிய சின்ன ஈரமானிகள் இரண்டை வைத்தேன், ஒன்று கூடத்தில், ஒன்று உலர்பெட்டிக்குள். கூடத்துச் சட்டத்தில் அம்மாவின் பழைய பட்டு ஒன்றையும் தொங்கவிட்டேன். அந்த டிசம்பர் பயணத்தின்போது பூஞ்சை பிடித்த நான்கில் ஒன்று அது. அம்மாவே எடுத்துக் கொடுத்தார்.

தேசிய தின விடுமுறைக்குப் போய்க் கதவைத் திறந்தபோது வாடை எதுவும் இல்லை. மரமும் மழையும் கலந்த மணம், அவ்வளவே. கூடத்து ஈரமானி இடையில் 94 வரை ஏறி இறங்கியிருந்தது, பெட்டிக்குள் இருந்தது 60-ஐத் தாண்டவே இல்லை. அடுப்படி மூலையில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. அம்மா நேராகப் போய்ப் புடவையை எடுத்தார், முந்தானையிலிருந்து மடிப்பு மடிப்பாக விரலால் தடவிக்கொண்டே வந்தார், முகத்தில் வைத்து முகர்ந்தார், பிறகு திரும்ப அதே சட்டத்தில் போட்டுவிட்டு அஞ்சடிக்குப் போய்விட்டார்.

இரவு சாப்பாட்டுக்கு மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் அஞ்சடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டோம். மழை விட்டு, இறவாரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. இருட்டில் எங்கோ தொப்பென்று ஒரு சத்தம். என் மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். மாமா கண்ணைத் திறக்காமலே, "ஓடைப் பக்கத்து மரம். கயித்துக்கு உள்ளதான் விழுந்திருக்கும், படுடா" என்றார். சற்று நேரம் கழித்து இன்னொன்று விழுந்தது, கொஞ்சம் தள்ளி. "அது கிழக்கு மூலை" என்றார்.